பஜ்ஜி மிளகாய் காரமானது யாரால்?

கேள்வி: 20 சென்ட்டில் பஜ்ஜி மிளகாய் போட்டிருக்கிறோம். எங்கள் செடியில் எடுத்த விதைதான். புதுச்சேரியில் ஓர் ஓட்டலில் ஹங்கேரி நாட்டுக் காய்கறிக் குழம்புக்கு என்று வாங்குகிறார்கள். இரண்டு பறிப்பு நன்றாகப் போனது. மூன்றாவதில் காரம் என்று 2 கூடையைத் திருப்பி விட்டார்கள். பக்கத்துக் கொல்லையில் அண்ணன் சம்பா மிளகாய் வைத்திருக்கிறார். அந்த மகரந்தம்தான் காரணம் என்று பேசப்போய், இப்போது இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் அதுதானா? திரும்பி வந்த காயை என்ன செய்வது?
- வாசகர், பாகூர் கொம்யூன்

பதில்: அண்ணன் மீது பழியில்லை. அயல் மகரந்தம் உள்ளே உருவாகும் விதையைத்தான் மாற்றும். காயின் சதையும் காரம் சுரக்கும் வெள்ளை நரம்பும் தாய்ச்செடிக்குச் சொந்தம். இந்த வருஷக் காயின் காரத்தை அது மாற்றாது.

முதலில் காரமில்லாத செடி பிறகு காரமாகக் காய்த்தால், வெயிலும் தண்ணீர்க் குறைவுமே முக்கிய காரணம். பறிக்கத் தாமதித்து முற்றவிட்டாலும் காரம் ஏறும். வாட விடாமல் சீராகத் தண்ணீர் கட்டி, வைக்கோல் மூடாக்குப் போட்டு, இளங்காயாகப் பறிக்கவும்.

ஒவ்வொரு செடியிலும் ஒரு காயைக் கிள்ளி, வெள்ளை நரம்பை நுனிநாக்கில் வைத்துப் பார்க்கவும். சில செடிகள் மட்டும் காரம் என்றால் அது விதைக் கலப்பு. அவற்றில் நூல் கட்டி, காயைத் தனியாகப் பறிக்கவும்.

அடுத்த வருஷ விதைக்குத்தான் எச்சரிக்கை தேவை. காரமான ரகத்தோடு கலந்தால் காரக் குணமே மேலோங்கும். சான்று விதைக்கு 200 மீட்டர் இடைவெளி கேட்கிறார்கள். சிறு கொல்லையில் அது நடக்காது. நல்ல செடியில் மொட்டு விரியும் முன் மெல்லிய துணிப்பை கட்டவும். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்து, காம்பில் நூல் கட்டி, பழுத்த பின் விதை எடுக்கவும். வீரிய ஒட்டு ரகமானால் விதை எடுக்க வேண்டாம்.

ஓட்டலில் கேட்பது ‘லெச்சோ’வாக இருக்கலாம். எண்ணெயில் வெங்காயம் வதக்கி, மிளகாய்த்தூள், வெளிர்மஞ்சள் மிளகாய், தக்காளி சேர்த்து வேகவைப்பது. அந்த மிளகாய்க்கு இங்கே கிட்டத்தட்டப் பொருந்துவது பஜ்ஜி மிளகாய்தான். குடைமிளகாயும் ஆகும், பச்சையில் லேசான கசப்பு உண்டு, சிவப்பும் மஞ்சளும் இனிக்கும். தூளுக்கு, விதையும் நரம்பும் நீக்கிய பியாட்கி மிளகாய் போதும்; நிறம் தரும், காரம் குறைவு. குண்டு மிளகாய் உதவாது.

திரும்பி வந்த காயை நீளவாக்கில் பிளந்து, வெள்ளை நரம்பை விதையோடு வழித்தெடுத்தால் காரம் பெரும்பகுதி போய்விடும். தண்ணீரில் ஊறவைத்துப் பயனில்லை. காரம் எண்ணெயில்தான் கரையும். கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வேலை செய்யவும். மீதியை மோர் மிளகாய் போடலாம்.

முதல் பிடி மோர் மிளகாய் அண்ணன் வீட்டுக்குப் போகட்டும்.