பழைய பாட்டுப் பெட்டியும் வியாபாரியின் வாக்கும்



மளிகைக் கடைக்காரருக்கும் ஜூக்பாக்ஸ் என்னும் பாட்டுப் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. காசு போட்டால் பாடும் அந்தப் பெட்டி பிறந்ததும் வளர்ந்ததும் கடையில்தான். இன்று அமெரிக்காவில் பலர் அதை வீட்டில் வைத்துப் பழுது பார்க்கிறார்கள். சிலர் விற்கவும் செய்கிறார்கள். அந்த வேலையில் நம் தொழிலுக்கும் பொருந்தும் நியாயம் ஒன்று இருக்கிறது.

1889-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள், சான்பிரான்சிஸ்கோ நகரத்து மதுக்கடை ஒன்றில் லூயிஸ் கிளாஸ் என்பவர் எடிசன் போனோகிராஃபைக் காசு போட்டுக் கேட்கும்படி அமைத்து வைத்தார். ஐந்து சென்ட் காசு போட்டவர் குழாயைக் காதில் வைத்துப் பாட்டுக் கேட்டார். பிற்காலத்தில் உணவுக் கடை, மருந்துக் கடை எங்கும் பெட்டிகள் வந்தன. பெரும்பாலும் பெட்டி கடைக்காரருடையதல்ல. அதற்கென்றே தொழில் நடத்துபவர் கொண்டு வந்து வைப்பார். விழுந்த காசை இருவரும் பங்கிட்டுக் கொள்வார்கள். எந்தத் தட்டு எத்தனை முறை ஓடியது என்று காட்டும் எண்ணி சில பெட்டிகளில் இருந்தது. ஓடாத சரக்கை எடுத்துவிட்டு ஓடுகிற சரக்கை வைப்பது அங்கும் அதே கணக்குத்தான்.

வுர்லிட்சர் நிறுவனத்தின் 1015 மாடல்தான் இவற்றில் மிகவும் பேர் பெற்றது. 1946, 1947 ஆண்டுகளில் 56,000-க்கும் மேல் விற்றது. உள்ளே 24 இசைத்தட்டுகள். முகப்பில் வண்ண விளக்கும் குமிழி ஓடும் குழாய்களும். 1974-இல் அந்நிறுவனம் அமெரிக்காவில் ஜூக்பாக்ஸ் தயாரிப்பை நிறுத்தியது. 1986-இல் ஜெர்மனியில் அதே உருவத்தில் புதுப் பெட்டி வந்தது. ஆக, இன்று சந்தையில் மூன்று விதச் சரக்கு இருக்கிறது: உள்ளும் புறமும் பழையது, வெளிக்கூடு மட்டும் பழையது, உருவத்தில் மட்டும் பழையதான நகல். பார்வைக்கு மூன்றும் ஒன்று போலிருக்கும். விலையோ ஒன்றாக இருக்க நியாயமில்லை.

பழுது பார்ப்பவர் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது? என் கருத்து இதுதான். ஆபத்தானதையும் தேய்ந்ததையும் தயங்காமல் மாற்ற வேண்டும். ஆம்பிளிஃபயரில் இருக்கும் பழைய காகிதக் கண்டென்சர்கள் கசியும். ஒயரின் ரப்பர் உறை பொடிப்பொடியாக உதிரும். அப்படியே ஸ்விட்சைப் போட்டால் டிரான்ஸ்பார்மர் புகையும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சரில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். குமிழிக் குழாயில் இருப்பது மெத்திலீன் குளோரைடு. ஏறக்குறைய 40 டிகிரி சூட்டில் கொதிப்பதால்தான் குமிழி வருகிறது. குழாய் உடைந்தால் அந்த ஆவி நஞ்சு. உடனே ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியேற வேண்டும். தெரியாதவர் இவற்றில் கை வைக்காமல், தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவதே மேல்.

ஆனால் தட்டைத் தேர்ந்தெடுத்துச் சுழல விடும் இயந்திரம் அப்படியல்ல. அநேகமாக அது கெட்டுப் போயிருக்காது. பல ஆண்டு எண்ணெய் இறுகி நின்றுபோயிருக்கும். கழற்றித் துடைத்துப் புது எண்ணெய் இட்டால் பெரும்பாலும் ஓடும். அந்தப் பொறுமை இல்லாமல் முழு இயந்திரத்தையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுக் கருவியை வைப்பவர்களும் இருக்கிறார்கள். உதிரி பாகம் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை அதிகம் என்பது அவர்கள் கட்சி. அதில் உண்மை இல்லாமல் இல்லை. தன் பெட்டியைத் தன் விருப்பப்படி மாற்ற அவரவருக்கு உரிமையும் உண்டு. கழற்றிய பாகத்தைத் தூக்கி எறியாமல் ஒரு பெட்டியில் கட்டி வைத்தால் நாளை வேறொருவருக்கு உதவும்.

ஆனால் விற்கும்போது வாயை மூடிக்கொள்வதுதான் தவறு. என்னென்ன பழையது, என்னென்ன புதியது, எது நகல் என்று ஒரு தாளில் எழுதிப் பில்லோடு கொடுக்க வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பெட்டி 60 சைக்கிள் மின்சாரத்துக்குச் செய்தது. நம் நாட்டில் 50 சைக்கிள். டிரான்ஸ்பார்மர் வைத்தால் வோல்டேஜ் குறையுமே தவிர சைக்கிள் மாறாது. மோட்டார் மெதுவாகச் சுற்றி, 78 சுற்று ஓட வேண்டிய தட்டு ஏறக்குறைய 65 சுற்றுத்தான் ஓடும், பாட்டு இழுபடும். அதற்கும் மாற்று வழி உண்டு, செலவும் உண்டு. இதை மறைத்து வெளிநாட்டுக்கு விற்பவர் ஒரு பெட்டியை விற்பார். இரண்டாவது பெட்டியை விற்க மாட்டார்.

பழைய அரிசியைப் பழையதென்றும் புது அரிசியைப் புதியதென்றும் சொல்லி விற்பவர்கள் நாம். கலந்து விற்பதைக் கூடக் கலப்பென்று சொல்லி விற்றால் குற்றமில்லை. சொல்லாமல் விற்பதுதான் கலப்படம். பாட்டுப் பெட்டி ஆனாலும் பருப்பு மூட்டை ஆனாலும் உள்ளே இருப்பதைச் சொல்லி விற்பதே வியாபாரம். சரக்கு ஒரு நாள் தீர்ந்து போகும். வாக்குத்தான் கடையில் நிற்கும்.