பழம் மட்டும் போதுமா?

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம் சுண்ணாம்புக் கல்லுக்குப் பெயர் போனது. அதை நம்பித்தான் 1970-ல் அங்கே அரசு சிமெண்டு ஆலை வந்தது. அப்படிப்பட்ட ஊரிலும் ஒரு குட்டிப் பிராணி சுண்ணாம்புச் சத்து இல்லாமல் கால் முடங்கிப் போகக்கூடும்.

அந்தப் பிராணியின் பெயர் சுகர் கிளைடர். செல்லப் பிராணியாக இப்போது நம் நாட்டிலும் விற்கிறார்கள். பார்வைக்கு அணில், ஆனால் அணில் ஜாதியே அல்ல. குட்டியை வயிற்றுப் பையில் சுமக்கும் கங்காருவுக்கு உறவு. ஆஸ்திரேலியா, நியூகினிக் காடுகளைச் சேர்ந்தது. எடை சுமார் 100 முதல் 150 கிராம். பகலெல்லாம் தூங்கும்.

வாங்குகிறவர்கள், வாழைப்பழமும் திராட்சையும் கொடுத்தால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். வினையே இங்கேதான்! காட்டில் அது மரச் சாறு, வேல மரத்துப் பிசின், பூந்தேன், மகரந்தம், பூச்சி என்று தேடித் தின்னும். கரிசல் காட்டுப் பிள்ளைகள் கருவேலம் பிசினைப் பிய்த்து வாயில் போட்டுக் கொள்வார்களே, அந்த ரகம்.

அதன் ஆகாரத்தில் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால், சுண்ணாம்புச் சத்து இரண்டு பங்கு வேண்டும். வாழைப்பழத்திலும் திராட்சையிலும் இந்தக் கணக்கு தலைகீழ். பூச்சியிலும் அப்படியே. குறைகிற சத்தை உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக் கொள்கிறது. முதலில் நடுக்கம், பிறகு பின்னங்கால்கள் விழுந்துவிடும். ஆரம்பத்திலேயே கால்நடை டாக்டரிடம் காட்டினால் தேறலாம். அதற்காக யாரும் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவிக் கொடுத்துவிட வேண்டாம், வாய் வெந்துவிடும்!

தேன், வெந்நீர், வேகவைத்த முட்டை, குழந்தைகளுக்கான சத்து மாவு, வைட்டமின் தூள் இவற்றைக் கலந்து கொடுக்கும் 'லெட்பீட்டர்' கலவை மிருகக்காட்சி சாலைகளில் பிரசித்தம். கூடவே சில பூச்சிகள், சிறிது பப்பாளி. 100 கிராம் பிராணிக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 கிராம் ஆகாரம், அதுவும் பொழுது சாய்ந்த பின். சாக்லேட் கூடவே கூடாது.

இது கூட்டமாக வாழும் ஜீவன். ஒற்றையாய் அடைத்தால் ஏங்கிவிடும். பத்து ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடிருக்கும். பிள்ளை கேட்டான் என்று தீபாவளிச் செலவோடு செலவாக வாங்குகிற பண்டமா இது? வாங்காமலிருப்பதே நல்லது என்பது நம் அபிப்பிராயம்.

பிள்ளைக்கு வேடிக்கை காட்ட வேண்டுமானால் பக்கத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் மலை இருக்கிறது. அங்குள்ள சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988-ல் சரணாலயம் ஏற்பட்டது. 2021-ல் அது புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. அந்த அணில் மாமரத்திலும் புளிய மரத்திலும் தன் இரையைத் தானே தேடிக் கொள்கிறது.