"நாளைலேர்ந்து நடக்கிறேன் டாக்டர்" - இந்த வியாதிக்கு ஒரு பேர் இருக்கு

நம்ம பக்கம் சர்க்கரை இவ்வளவு பரவுறதுக்குக் காரணம் "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை"ன்னு இன்னொரு மேடையில யாராவது பேசினா மைக்கைப் பிடுங்கிடலாம்னு தோணுது. கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

திருவாண்டார்கோயில்ல சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுற எந்த ஐயாவை வேணா நிறுத்திக் கேளுங்க. சோறு அளவா சாப்பிடணும், தினம் நடக்கணும், பாதத்தைப் பார்க்கணும், வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்டணும். எல்லாத்தையும் ஒப்பிப்பார். இதுக்கு மேல என்ன விழிப்புணர்வு வேணும்?

2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி இந்தியாவில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். புதுச்சேரியில் 26.3 சதவீதம். கோவா 26.4, நாம ரெண்டாவது இடம். நாலு பேர் சேர்ந்து டீ குடிச்சா அதுல ஒருத்தருக்கு இருக்குன்னு அர்த்தம். ஜிப்மர் இருக்கிற ஊர் இது. சுத்திலும் மருத்துவக் கல்லூரிகள். டாக்டருக்கும் பஞ்சமில்லை, அறிவுரைக்கும் பஞ்சமில்லை.

பின்ன எதுக்குப் பஞ்சம்?

ஆங்கிலத்துல அதிகம் யாரும் புழங்காத ஒரு சொல் இருக்கு. வெலீயிட்டி. லத்தீன்ல 'வெல்லே'ன்னா விரும்புறது, அதுலேர்ந்து வந்தது. ஆசை இருக்கும், ஆனா முதல் அடி எடுத்து வைக்கிற அளவுக்கு இருக்காது. 17-ஆம் நூற்றாண்டிலிருந்து புழக்கத்தில் இருக்கிற சொல். (வெல்லத்துக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பேர் மட்டும் பொருத்தமா அமைஞ்சுடுச்சு.)

எங்க ஓபியில இது எப்படி இருக்கும்னா:

"நாளைலேர்ந்து கண்டிப்பா நடக்கிறேன் டாக்டர்."
"எத்தனை மணிக்குங்க ஐயா?"
"காலைலதான்..."
"காலைல எப்போ? எந்தப் பக்கம்?"
சிரிப்பார். "பார்த்துக்கலாம் டாக்டர்."

அந்தச் சிரிப்புலயே தெரிஞ்சிடும், நாளைக்கு நடக்கப் போறதில்லைன்னு. "என்னால முடியாது டாக்டர்"னு முகத்துக்கு நேரா சொல்றவர்கிட்ட ஏன் முடியலைன்னாவது பேசலாம். "கண்டிப்பா"ன்னு சொல்றவர் சொன்ன உடனே மனசு லேசாகி எழுந்து போயிடுவார். சர்க்கரை அங்கேயே நிக்கும். கடைசியில கால் விரல் கறுத்துப் போய் வரும்போதும் அந்த ஆசை அப்படியேதான் இருக்கும்.

உடனே "சோம்பேறிங்க சார் இவங்க"ன்னு ஒரு கூட்டம் வரும். அதுல எங்க ஆளுங்களும் உண்டு. திருபுவனை கம்பெனியில நைட் ஷிப்ட் பார்த்துட்டு, விடிஞ்சதும் கொல்லையில தண்ணி கட்டப் போற மனுஷனை எந்த வாயால சோம்பேறிங்கிறீங்க?

ஒண்ணு கேட்கிறேன். மதகடிப்பட்டு செவ்வாய்ச் சந்தைக்குப் போறதுக்கு யாராவது மன உறுதி எடுக்கிறாங்களா? பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போக உறுதிமொழி வாங்கினீங்களா? கிழமை இருக்கு, நேரம் இருக்கு, இடம் இருக்கு. கால் தானா போகுது.

1965-ல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஒரு ஆய்வு நடந்தது. டெட்டனஸ் எவ்வளவு பயங்கரம்னு படிக்கக் கொடுத்து, ஊசி போட்டுக்கச் சொன்னாங்க. நல்லா பயந்தாங்க, போட்டுக்கணும்னும் சொன்னாங்க. போய்ப் போட்டுக்கிட்டது சுமார் 3 சதவீதம். இன்னொரு குழுவுக்கு அதே பாடத்தோட, மருத்துவ மையத்தை வட்டம் போட்ட வரைபடமும் கொடுத்து, 'எப்போ, எந்த வழியா போவீங்க'ன்னு யோசிக்க வெச்சாங்க. 28 சதவீதம் போனாங்க. இத்தனைக்கும் மையம் எங்க இருக்குன்னு எல்லாருக்கும் முன்னாடியே தெரியும்!

"அது அமெரிக்கா டாக்டர்"னு சொல்வீங்க. சரி, சென்னைக்கு வாங்க. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை வர்ற விளிம்பில் இருந்த 531 பேரை வெச்சு நடத்தின ஆய்வு 2006-ல் வெளியானது. சுமார் இரண்டரை வருஷத்தில், பொதுவான அறிவுரையோட விட்டவங்கள்ல 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்துடுச்சு. சாப்பாடு, நடை ரெண்டையும் ஆளுக்கேத்த மாதிரி பேசி, விடாம தொடர்பு வெச்சிருந்த குழுவில் 39 சதவீதம். அதே குழு 2013-ல் வெறும் செல்போன் குறுஞ்செய்தியை வெச்சே பார்த்தாங்க: வந்தவங்களுக்கு 18, வராதவங்களுக்கு 27 சதவீதம். இரண்டே வருஷத்துல.

குறுஞ்செய்திக்கு என்ன செலவு ஆகும்? நவம்பர் 14 பேரணியில தொப்பிக்கும் பேனருக்கும் ஆகிறதை விட அதிகமா ஆகும்?

இப்போ என் சக டாக்டர்களுக்கு. மாத்திரைக்கு 1-0-1ன்னு எழுதுறீங்க. சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு எழுதுறீங்க. நடைக்கு மட்டும் சீட்டோட மூலையில "டெய்லி வாக்கிங்". மாத்திரைச் சீட்டுல "தினமும் மருந்து சாப்பிடவும்"னு மட்டும் எழுதிக் கொடுத்தா ஃபார்மசியில சிரிக்க மாட்டாங்களா? ஓபியில நேரமில்லைன்னு சொல்லாதீங்க. "எத்தனை மணிக்கு, எங்கேர்ந்து எங்க வரைக்கும்?" கேட்டுச் சீட்டுல எழுத அரை நிமிஷம்.

ஒரு விஷயத்துல மட்டும் மக்கள் பக்கம் நிப்பேன். "அந்த மெயின் ரோட்டுல எங்க நடக்கிறது டாக்டர்?"னு அக்காமார் கேட்கிறாங்களே, அது சாக்கு இல்லை. ஒரு பக்கம் லாரி, ஒரு பக்கம் பஸ், இருட்டுல நாய். இதை அவங்க மனசுல தேடாதீங்க. பஞ்சாயத்துல போய்க் கேளுங்க: தெரு விளக்கு எரியுதா, நடக்க ஒரு கிலோமீட்டர் ஓரம் இருக்கா?

கமெண்ட்ல "அருமை டாக்டர், நாளைலேர்ந்து ஆரம்பிக்கிறேன்"னு தயவுசெஞ்சு போடாதீங்க. கிழமை, மணி, எந்தத் தெருவுலேர்ந்து எந்தத் தெரு வரைக்கும். இந்த மூணும் இருந்தா போடுங்க. இன்சுலினோ மாத்திரையோ எடுக்கிறவங்க வெறும் வயித்துல கிளம்பிடாதீங்க, பையில கொஞ்சம் சர்க்கரையோ மிட்டாயோ இருக்கட்டும். நடக்கும்போது நெஞ்சு அடைச்சா அங்கேயே நின்னுட்டு உடனே ஆஸ்பத்திரி. கால்ல புண் இருந்தா முதல்ல காட்டிட்டு அப்புறம் நடங்க. செருப்பு இல்லாம ஒரு அடி கூட வேண்டாம்.