பேசாலைக் கரையில் கைவிட்ட நடிகை

ஈழத்துத் தமிழ்ப் படங்களுக்கு நடிகைகள் அகப்படுவதில்லை என்று இன்றும் எழுதுகிறார்கள். பத்திரிகைக்காரனாகவே கிழடாகிப்போன எனக்கு இது பச்சைப் பொய் என்று தெரியும்.

செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ மன்னார்த் தீவின் பேசாலைக் கரையில் படமாகி 1978இல் திரைக்கு வந்தது. சந்திரகலாவும் ஆனந்தராணியும் நடித்தார்கள். அதே ஆண்டில்தான் இலங்கை–இந்தியக் கூட்டுத் தயாரிப்பான ‘பைலட் பிரேம்நாத்’தும் வந்தது. சிவாஜிக்கு ஜோடி மாலினி பொன்சேகா. நமது முதலாளிகளுக்கும் இரசிகர்களுக்கும் எது பெரிதாகத் தெரிந்தது என்று சொல்லவும் வேண்டுமா?

மாலினி பெருங்கலைஞர், 2025இல் அவர் மறைந்தபோது நானும் வருந்தினேன். என் வழக்கு அவரோடு அன்று. சிங்களத் திரை அவருக்குப் பல பத்தாண்டுகள் வேடங்களை அள்ளிக் கொடுத்தது. ஆனந்தராணியைக் காப்பாற்றியது நாடகமேடை. டென்னசி வில்லியம்ஸின் ‘கண்ணாடி வார்ப்புகள்’ உட்பட அவைக்காற்று கலைக் கழகத்தின் நாடகங்களில், லண்டன் சென்ற பின்னரும், அவர் நடித்தார். அப்போதும் நமது திரைக்கு அவர் கண்ணில் படவில்லை!

விளைவு? ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) படத்தின் ஈழத்துத் தாய், நந்திதா தாஸ். ‘தீபன்’ (2015) படத்தில் நாயகன் நம்மவர் ஷோபாசக்தி. நாயகி யாழினியாக வந்தவரோ சென்னை நாடக நடிகை காளீஸ்வரி சீனிவாசன். இருவரும் நன்றாகவே நடித்தார்கள். ஆனால் பேசாலைப் பெண்ணின் பேச்சு அவர்கள் வாயில் வரவில்லை, எப்படி வரும்?