சிறுவாடு

எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோவில் வாசலில் பூக்கூடை வைத்திருக்கும் அக்காவிடம் பதினைந்து வருடமாகப் பூ வாங்குகிறேன். வெள்ளிக்கிழமை என்றால் இரண்டு முழம் மல்லி, ஒரு முழம் கதம்பம். முன்பெல்லாம் காசு கொடுத்தால் இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, நூலைத் தளர்த்தி, நோட்டை நான்காக மடித்து உள்ளே வைப்பார். இரண்டு வருடத்துக்கு முன்பு கூடையில் க்யூஆர் அட்டை ஒன்று வந்தது. பின்னாலேயே ஒலிப்பெட்டியும் வந்தது. இப்போது நான் பணம் அனுப்பியதும் பெட்டி கணீரென்று தொகையைச் சொல்கிறது. எதிர் டீக்கடை பெஞ்சு வரை கேட்கும். அந்தப் பெஞ்சில்தான் அக்காவின் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார்.

போன வாரம் அவசரத்துக்குச் சில்லறை தேவைப்பட்டது. "அக்கா, இருநூறு ரூபா ரொக்கமா குடுங்க, போன்ல போட்டுவிடறேன்" என்றேன்.

"எங்கிட்ட ஏது கண்ணு காசு? எல்லாம் பையன் கணக்குக்குல்ல போகுது."

மகனிடம்தான் ஸ்மார்ட்போன் இருக்கிறது. அட்டையை எழுதி வாங்கியவனும் அவனே. விடிகாலையில் பூச்சந்தைக்குப் போகும்போது அன்றைய கொள்முதலுக்கு அவனிடம் பணம் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார். நல்ல பையன், கேட்டால் கொடுத்துவிடுவான். ஆனால் நாற்பது வருடமாகத் தன் கையால் வியாபாரம் செய்தவர் இப்போது கேட்க வேண்டியிருக்கிறது. "முன்ன தினம் அம்பதோ நூறோ தனியா முடிஞ்சு வெப்பேன். இப்ப அதுக்கு வழியில்ல" என்று சொல்லிவிட்டுப் பூக்கட்டும் நாரைப் பல்லால் கடித்து அறுத்தார்.

தனியாக முடிந்து வைக்கும் அந்தக் காசுக்குத் தமிழில் சிறுவாடு என்று பெயர். பெண்கள் வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, யார் கண்ணிலும் படாமல் சேர்க்கிற பணம். என் அம்மா அரிசிப் பானையிலும், கடுகு டப்பாவிலும், பழைய பட்டுப் புடவை மடிப்பிலும் வைத்திருந்தார். எங்கள் வீட்டில் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாளில் அப்பா கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது வெளியே வந்தது அந்தப் பணம்தான். எங்கிருந்து வந்தது என்று அப்பா கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அந்த வீட்டின் மரியாதையாக இருந்தது.

2016 நவம்பர் 8 இரவு ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று பிரதமர் அறிவித்தார். மறுநாள் காலை அம்மா சமையலறையிலிருந்து ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பணம் போய்விடுமோ என்ற பயம் முகத்தில் இருந்தது. அதைவிட, இத்தனை வருடம் காத்த ஒன்று எல்லோர் முன்னாலும் அவிழ்க்கப்பட்டதே என்ற கூச்சம் அதிகமாக இருந்தது. அன்று தேசம் முழுக்க லட்சக்கணக்கான சமையலறைகளில் இதுதான் நடந்திருக்கும். இல்லத்தரசிகள் இரண்டரை லட்சம் ரூபாய் வரை செலுத்தினால் கேள்வி வராது என்று மத்திய அரசே சொல்ல வேண்டி வந்தது. 2021-இல் ஆக்ராவில் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அப்படி ஒரு பெண் கட்டிய பணத்தை வருமானமாகக் கருத முடியாது என்று தீர்ப்பும் சொன்னது. சிறுவாடு முதன்முதலாகச் சட்டத்தின் ஏட்டில் ஏறியது அப்போதுதான் என்று எனக்குத் தோன்றும்.

அதே 2016 ஏப்ரலில்தான் யுபிஐ வந்தது. 2025 ஆகஸ்டில் முதன்முறையாக ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. செய்தித்தாளில் பெரிய எழுத்தில் படித்தேன், பெருமையாகத்தான் இருந்தது. கள்ள நோட்டு பயமில்லை, சில்லறைச் சண்டையில்லை, செல்லும் என்று ரிசர்வ் வங்கி சொன்ன பிறகும் பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுக்கும் நம்மூர்த் தகராறு இல்லை. பூக்கார அக்காவைப் பார்த்த பிறகு, அந்த 2,000 கோடியில் எத்தனை, சம்பாதித்தவரின் கைக்கே போய்ச் சேர்ந்தது என்று யோசிக்கிறேன். பணம் கடைக்குப் போனதா என்று கணக்கு இருக்கிறது. கடையில் உட்கார்ந்திருந்தவருக்குப் போனதா என்பதற்கு இல்லை.

இதில் சிக்கல் கைபேசி எண்ணில் இருக்கிறது. வங்கிக் கணக்கில் எந்த எண் பதிவாகியிருக்கிறதோ அந்த சிம் இருக்கும் போனில்தான் அந்தக் கணக்கின் யுபிஐ இயங்கும். அக்காவுக்குச் சொந்தமாகக் கணக்கு உண்டு. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, மாதம் ஆயிரம் ரூபாய், அதில்தான் வருகிறது. ஆனால் கணக்குத் தொடங்கும்போது வீட்டில் இருந்த ஒரே எண் மகனுடையது, அதைக் கொடுத்துவிட்டார்கள். ஆயிரம் ரூபாய் வந்த செய்தி மகன் போனில் விழுகிறது, எடுத்த செய்தியும் அங்கேதான். எத்தனை வீடுகளில் அம்மாவின் கணக்குக்கு மகன் எண், மனைவியின் கணக்குக்குக் கணவன் எண்! தொடங்கியபோதே ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்குப் போன அந்தத் தொகையை, குடும்பத் தலைவரின் கணக்குக்கு அனுப்பாமல் தலைவியின் கணக்குக்கே அனுப்பியது மிகச் சரியான முடிவு. அந்த முடிவின் கடைசி அரை அடியை ஒரு பத்து இலக்க எண் தடுத்துக்கொண்டிருக்கிறது.

புதிதாக வரும் வசதிகளும் இதே திசையில்தான் போகின்றன. 2024 ஆகஸ்டில் யுபிஐ சர்க்கிள் என்று ஒன்றை அறிவித்தார்கள். ஒருவர் கணக்கிலிருந்து வீட்டில் இன்னொருவர் செலவழிக்கலாம், மாதம் 15,000 ரூபாய் வரை. வயதானவர்களுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நல்ல உதவி, மறுக்க மாட்டேன். ஆனால் ஒவ்வொரு செலவும் கணக்குக்காரரின் போனில் தெரிந்துவிடும். ஒரு பெண் தன் தங்கைக்கு மருந்து வாங்கித் தந்ததும், அம்மா வீட்டுக்குப் போகப் பஸ் டிக்கெட் எடுத்ததும் நிமிடத்தில் வீட்டுக்குத் தெரியும். கடுகு டப்பா யாரிடமும் சொல்லாது.

சேர்த்த சிறுவாட்டை முன்பு குண்டுமணித் தங்கமாக மாற்றுவார்கள். 2025 டிசம்பரில் சென்னையில் ஒரு பவுன் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அந்தக் கதவு கிட்டத்தட்ட அடைபட்டுவிட்டது. பத்து ரூபாய்க்குக்கூட டிஜிட்டல் தங்கம் வாங்கலாம் என்று போனில் விளம்பரம் வருகிறது. என் தங்கை அப்படிச் சேர்க்கத் தொடங்கியிருந்தாள். டிஜிட்டல் தங்கம் தங்கள் ஒழுங்குமுறைக்குள் வராது, ஏதாவது நடந்தால் முதலீட்டாளருக்கான பாதுகாப்பு கிடைக்காது என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2025 நவம்பரில் எச்சரித்தது. அதைப் படித்துக் காட்டினேன். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் சேர்க்க வேறு இடம் சொல்லு அக்கா என்றாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. தெருவில் நடக்கும் சீட்டை நம்பச் சொல்ல மனம் வரவில்லை. தபால் நிலையத்தில் தொடர் வைப்பு தொடங்கு, மாதம் நூறு ரூபாய் போதும், உன் எண்ணைக் கொடு என்றேன்.

சொந்த எண் என்ற அதே வழியைப் பூக்கார அக்காவுக்கும் செய்து பார்க்கலாமே என்று தோன்றியது. இந்தச் செவ்வாய்க்கிழமை, கோவில் கூட்டம் குறைந்த பிறகு, இருவரும் வங்கிக்குப் போனோம். ஒரு பட்டன் போனும் அவர் பெயரில் புது சிம்மும் ஏற்கெனவே வாங்கியிருந்தோம். எண் மாற்றும் படிவம், பாஸ்புத்தகம், ஆதார் நகல், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். அக்கா கைநாட்டு வைப்பவர் இல்லை, மூன்றாவது வரை படித்தவர். தன் பெயரை மெதுவாக, எழுத்து எழுத்தாக எழுதினார். கணக்கோடு இணைத்து வங்கியே க்யூஆர் அட்டையும் ஒலிப்பெட்டியும் தருகிறது என்று அங்கிருந்த பெண் அலுவலர் சொன்னார். பெட்டிக்குள்ளேயே சிம் இருக்கிறது, ஸ்மார்ட்போன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பணத்தை ஏடிஎம் அட்டை போட்டோ, வங்கிக்கு வந்தோ எடுத்துக்கொள்ளலாம். இது எனக்கே புதுச் செய்தி.

மகனிடம் என்ன சொன்னீர்கள் என்று திரும்பி வரும்போது கேட்டேன். "பூவுக்குப் போற காசு என் கணக்குலயே வரட்டும்டா, தினம் உன்ன எழுப்ப வேணாம்லன்னு சொன்னேன். சரிம்மான்னுட்டான்" என்றார்.

வெள்ளிக்கிழமை புதுப் பெட்டி கூடை ஓரத்தில் இருந்தது. இரண்டு முழம் மல்லி வாங்கிப் பணம் அனுப்பினேன். பெட்டி உரக்கத் தொகையைச் சொன்னது. அக்கா டீக்கடைப் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"கண்ணு, இதுல சத்தத்தக் கொறைக்கிற பட்டன் எது? எனக்கு மட்டும் கேட்டாப் போதும்."