இடது கைக்குக் கிடைத்த விடுதலை

அக்கோடியன் என்றதும் எம்மவர்களிற் பலருக்குப் பாடசாலை வாத்தியக் குழுவும் பழைய திரைப்பாடல்களும் நினைவுக்கு வரும். ஐரோப்பியருக்கோ மதுச்சாலையும் கிராமத்து நடனமும். இது கச்சேரி மண்டபத்துக்கு உரியதல்ல என்ற எண்ணம் அங்கும் உண்டு, இங்கும் உண்டு. அந்த எண்ணம் தவறானது என்பதே என் கருத்து.

1829இல் வியன்னாவில் சிறில் டெமியன் என்பவர் இப்பெயரில் ஒரு வாத்தியத்துக்குக் காப்புரிமை பெற்றார். பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் 'கோர்ட்' என்பதிலிருந்து பிறந்த பெயர் அது. வசதியும் குறையும் அந்தப் பெயரிலேயே அடங்கியிருந்தன. வழமையான பெரிய அக்கோடியனின் இடப்பக்கத்தில் 120 பொத்தான்கள். அவற்றுள் 80 பொத்தான்கள், அழுத்தியதும் ஆயத்தமான கூட்டொலியையே தரும். எஞ்சிய 40உம் தனிச்சுரங்கள்தாம். ஆயினும் அவை ஏறக்குறைய ஒரு ஸ்தாயிக்குள் அடங்கிவிடும். நடனத்துக்கு இது போதும். ஆனால், முன்கூட்டியே கோத்துவைத்த வாக்கியங்களை மட்டும் கொண்டு ஒரு நிருபர் செய்தி எழுத முடியுமா?

'ஃபிரீ பேஸ்' என்னும் அமைப்பு இந்தத் தளையை அறுத்தது. இதில் இடப்பக்கத்துப் பொத்தான் ஒவ்வொன்றும் ஒரு தனிச்சுரம், பல ஸ்தாயிகள். இனி இடது கை தாளம் போடும் வேலையாள் அல்ல, வலது கையோடு உரையாடும் சமதை. ஒரே மெட்டைப் பல குரல்கள் தொடர்ந்து பின்னும் பாஹின் 'ஃபியூக்' வகைப் படைப்புகளையும் இதில் வாசிக்கலாம்.

வாத்தியம் மட்டும் போதாது, கலைஞர் வேண்டும். டென்மார்க்கின் மொகென்ஸ் எலகார்டுக்காக 1958இல் ஓலே ஷ்மிட் இசைக்குழுவுடன் வாசிக்கும் படைப்பொன்றை எழுதினார். எலகார்ட் பின்னர் கோப்பன்ஹேகன் இசைக் கல்லூரியில் ஒரு தலைமுறையையே உருவாக்கினார். ரஷ்யாவின் 'பயான்' கலைஞர் ஃபிரிட்ரிக் லிப்ஸுக்காக சோஃபியா குபைதுலினா 1978இல் 'டி புரொஃபுண்டிஸ்' என்ற படைப்பை எழுதினார். 'ஆழங்களிலிருந்து' எனத் தொடங்கும் 130ஆம் சங்கீதத்தின் பெயர் அது. துருத்தியின் வெறுங்காற்றே அதில் மனித மூச்சாகக் கேட்கிறது.

இங்கேதான் ரசிகர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. மின்னல் வேகத்தில் ஓடும் விரல்களுக்கே நாம் கைதட்டுகிறோம். உண்மையான தேர்ச்சி துருத்தியில் இருக்கிறது. இரு கைகளுக்கும் காற்று ஒன்றே. பியானோவைப் போல ஒரு கையை உரத்தும் மறு கையை மெதுவாகவும் ஒலிக்க இதில் இயலாது. சுரத்தைத் தொடும் விதத்தாலும் விடும் விதத்தாலும் மட்டுமே குரல்களைப் பிரித்துக் காட்ட வேண்டும். துருத்தி திசை மாறும் கணம் கேட்பவர் காதில் விழவும் கூடாது. மடியிலோ பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட பாரம்!

அக்கோடியனின் உறவான ஹார்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940இல் விலக்கியது. 1971இல்தான் அத்தடை தளர்ந்தது. நாடக மேடைகளில் அதை உயிரோடு வைத்திருந்தவர்கள் அதுவரை தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை, வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.

வாத்தியத்துக்குச் சாதி கற்பிப்பது எளிது. அடுத்த முறை அக்கோடியன் ஒலிக்கையில் வலது கையை விட்டுவிட்டு இடது கையைக் கவனித்துக் கேளுங்கள். தீர்ப்பைப் பிறகு சொல்லலாம்.