வடித்த காதும் ஒரு கிளிக்கும்

போன வாரம் நண்பரின் டிடிபி கடையில் உட்கார்ந்திருந்தேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குத் தாயாரின் படத்தைக் கொண்டுவந்திருந்த ஒருவர், டிசைன் செய்யும் பையனின் முதுகுக்குப் பின்னால் நின்றபடி ஆரம்பித்தார்: "இதுக்கு எதுக்கு தம்பி இவ்வளவு நேரம்? என் மகன் போன்ல ஆளை அழுத்திப் பிடிச்சாலே தனியா வந்துருது. ஒரு கிளிக் வேலைக்குத் தனியா காசு கேக்குறீங்களே." கடையில் இருந்த மற்றவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

துக்கத்தில் இருப்பவரிடம் அந்த இடத்தில் வாதாட முடியாது. அதனால் இங்கே வாதாடுகிறேன். கல்யாண வீட்டார், கட்சிக்காரர்கள், பள்ளி நிர்வாகிகள், பத்திரிகை முதலாளிகள் என்று எல்லோரும் இப்போது இதே பாட்டைத்தான் பாடுகிறார்கள். படத்திலிருந்து ஆளை வெட்டி எடுப்பது ஒரு வேலையே இல்லையாம், மெஷின் பார்த்துக்கொள்ளுமாம்.

மெஷின் பார்த்துக்கொண்ட லட்சணத்தையும் அவரே காட்டினார். போனில் இருந்தது அந்த அம்மாவின் படம். தெற்கத்திச் சீமைக்காரர். பாம்படம் போட்டு வளர்ந்த காது. நகையைக் கழற்றி எத்தனையோ வருடமாகியிருக்கும், மடல் மட்டும் வளையமாகத் தோள்வரை தொங்குகிறது. பின்னால் சுண்ணாம்பு அடித்த சுவர், முன்னால் நரைத்த தலை. போன் என்ன செய்திருக்கிறது? நரைமுடியைச் சுவரோடு சேர்த்து வழித்துவிட்டு, தலைக்கு ஹெல்மெட் போல ஒரு வட்டம் போட்டிருக்கிறது. இடது காதின் வளையத்துக்குள் சுவரின் ஒரு துண்டு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. வலது காதைக் காணவே இல்லை. பெற்ற தாயின் காதை அறுத்துப்போட்டுவிட்டு, ஆள் தனியாக வந்துவிட்டார் என்கிறார்கள். ஊரே பார்த்த காது அது!

அந்தப் பையன் என்ன செய்தான் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். படத்தைத் திரை நிறையப் பெரிதாக்கினான். பென் டூலை எடுத்தான். தோள் திரும்பும் இடத்தில் ஒரு புள்ளி, கழுத்தின் மடிப்பில் ஒரு புள்ளி. புள்ளி குறையக் குறையத்தான் வளைவு வழுக்கிக்கொண்டு ஓடும். பழகாதவர்கள்தான் எறும்பு வரிசைபோலப் புள்ளி வைப்பார்கள். பாத் எனப்படும் அந்தக் கோடு உருவத்தின் விளிம்புக்கு ஒரு பிக்சல் உள்ளே போக வேண்டும், இல்லையென்றால் பழைய சுவரின் வெள்ளை, புது பேக்ரவுண்டில் கோடாகத் தெரியும். காது மடலுக்கு வெளியே ஒரு பாத், வளையத்தின் ஓட்டைக்குள் தனியாக இன்னொரு பாத். பிறகு முடிக்கு வந்தான். கருத்த முடியாக இருந்தால் நீலச் சேனலை நகலெடுத்து, இருட்டை இருட்டாக்கி வெளிச்சத்தை வெளிச்சமாக்கிப் பிரித்துவிடலாம். வெள்ளைச் சுவரில் வெள்ளை முடிக்கு எந்தச் சேனலும் கைகொடுக்காது. மெல்லிய பிரஷ்ஷை எடுத்து, தலையிலிருந்தே நிறத்தைத் தொட்டு, இழை இழையாக வரைந்தான். கடைசியில் பின்னால் கறுப்பை வைத்துப் பார்த்தான், சிவப்பை வைத்துப் பார்த்தான். இதைத்தான் "ஒரு கிளிக்" என்கிறார்கள்.

போட்டோஷாப் 1990-ல் வந்தது. அடுத்த வருடமே பென் டூல் வந்துவிட்டது. ஆளைத் தானாகவே தேர்ந்தெடுக்கும் கட்டளை 2018-ல் வந்தது, ஐபோனில் அழுத்திப் பிடித்துத் தூக்கும் வசதி 2022-ல் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் நல்ல டிசைனர் ஏன் அந்தப் பழைய பென் டூலையே நம்புகிறார் என்று ஒருவராவது யோசித்ததுண்டா? முடியின் நுனியில் இருக்கும் ஒரு பிக்சலில் பாதி முடி, பாதி சுவர். கம்ப்யூட்டரின் கையில் இருப்பவை சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றே எண்கள். கண்டுபிடிக்க வேண்டியவையோ ஏழு: முடியின் நிறத்துக்கு மூன்று, சுவரின் நிறத்துக்கு மூன்று, இரண்டும் கலந்த விகிதத்துக்கு ஒன்று. மூன்றை வைத்துக்கொண்டு ஏழைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். மெஷின், தனக்குக் காட்டப்பட்ட படங்களை வைத்து ஊகிக்கிறது. வடித்த காதை அதற்கு யார் காட்டினார்கள்? பார்த்துப் பழகாத காதை அது காதென்றே ஒப்புக்கொள்ளாது.

சினிமாக்காரர்களைப் பாருங்கள். ஆளை வெட்டுவது லேசான வேலை இல்லை என்று தெரிந்ததால்தான் அவர்கள் பின்னால் நீலத்தையும் பச்சையையும் கட்டினார்கள். 1959-ல் வந்த பென்ஹர் படத்துக்காக பெட்ரோ விளாஹோஸ் என்ற பொறியாளர் நீலத்திரை முறையைச் செப்பனிட்டதே முடி, புகை, கண்ணாடி போன்றவற்றின் விளிம்பு கெடாமல் வர வேண்டும் என்பதற்காகத்தான். பச்சைத் துணி கட்டியும் இன்றைக்கு வேலை தீர்ந்துவிடவில்லை. சென்னையிலேயே எத்தனை விஎஃப்எக்ஸ் கம்பெனிகளில் பிள்ளைகள் ராத்திரி பகலாக ரோட்டோ போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அதாவது ஃபிரேம் ஃபிரேமாக ஆளை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்! நொடிக்கு 24 ஃபிரேம். ஐந்து நொடி ஷாட் என்றால் 120 தடவை அதே ஆளின் ஓரத்தைச் சரிபார்க்க வேண்டும். கோடிகளைக் கொட்டுகிறவர்களுக்கே கிடைக்காத அந்த ஒரு கிளிக், அஞ்சலி போஸ்டர் அடிக்க வருகிறவருக்கு மட்டும் கிடைத்துவிடுமா? கிடைத்திருந்தால் அந்தக் காது எங்கே போயிற்று?

இவர்கள் கொண்டுவரும் படங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கல்யாண வீட்டு குரூப் போட்டோவின் மூலையில் நகம் அளவுக்கு இருக்கும் தலை. அதையும் போனில் மறுபடி போட்டோ எடுத்து, வாட்ஸப்பில் மூன்று பேர் கைமாறி வரும். ஜேபெக் ஒரு படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாக வெட்டித்தான் சுருக்குகிறது. திரும்பத் திரும்பச் சுருங்கிய படத்தில், எந்த இடத்தில் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டுமோ அங்கேதான் அழுக்குப் படியும். அதை ஆறடி ஃபிளெக்ஸாக அடித்துக் கொடு, பளிச்சென்று இருக்க வேண்டும் என்பார்கள். டாக்குமென்டாக அனுப்புங்கள் என்று கடைக்காரர் கெஞ்சினால் அதற்கும் முறைப்பு.

நம் கண்ணே கெட்டுப்போய்விட்டது. எந்த ஊர் பேனரை வேண்டுமானாலும் நிமிர்ந்து பாருங்கள். தலைவருக்குக் காலடியில் நிழல் கிடையாது, அந்தரத்தில் மிதக்கிறார். மாப்பிள்ளையின் முகத்தில் வெளிச்சம் இடப்பக்கம் விழுகிறது, பெண்ணுக்கு வலப்பக்கம். சடங்கு பேனரில் பெண்ணின் ஜடையில் வைத்த மல்லிகைப்பூ பாதி வெட்டுப்பட்டு நிற்கிறது. யாரும் கேட்பதில்லை. கேட்காததால்தான் ஒரு கிளிக்கே போதும் என்று தோன்றுகிறது. முப்பது நாளில் போட்டோஷாப் என்று விளம்பரம் செய்யும் பயிற்சி மையங்களும் இதையே சொல்லிக்கொடுத்து அனுப்புகின்றன. அங்கிருந்து வருகிற பிள்ளைக்கு பேக்ரவுண்டை நீக்கும் பட்டன் தெரியும், பாத்தைத் தொடத் தெரியாது.

பல கடைக்காரர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. சதுர அடிக்கு இத்தனை ரூபாய், டிசைன் இலவசம் என்று போர்டு மாட்டியவர்கள் அவர்கள்தான். இங்க்குக்கும் துணிக்கும் விலை போட்டார்கள், காதை மீட்டுக் கொடுக்கும் கைக்கு விலை போடவில்லை. ஒருவர் இலவசம் என்றதும் எதிர்க்கடைக்காரரும் போட்டிக்கு இலவசம் என்றார். அந்தப் பையனுடைய சம்பளம் இந்தப் போட்டியில்தான் நசுங்கிக்கொண்டிருக்கிறது. அந்த போர்டை முதலில் இறக்குங்கள். பில்லில் படம் வெட்டியதற்குத் தனியாக ஒரு வரி எழுதுங்கள், நேரத்தைக் கணக்கிட்டுத் தொகையைப் போடுங்கள். போன் போதும் என்று யாராவது சொன்னால், போனில் வெட்டிய படத்தையே பக்கத்தில் அடித்துக் காட்டுங்கள்.